ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை

கல்யாணமாகி இருபதாம் நாள், குளிரை அனுபவிக்க அந்த மலைவீட்டுக்கு வந்திருந்தார்கள். கோதை மிளகுக் குழம்பு வைத்தாள். சபேசன் பக்கத்தில் நின்று அப்பளம் சுட்டான். சாப்பிட உட்காரும்முன் குழம்புச் சோற்றில் ஒரு பிடி எடுத்து, இலை நறுக்கில் வைத்து, வெளிச்சுவர்மேல் காக்கைக்கு வைத்தான்.

“இந்தப் பனியில காக்கா ஏதுங்க?”

“அவ போனதுலேருந்து வைக்காம சாப்பிட்டதில்ல” என்றான். முதல் மனைவியைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறந்தபோது இலையில் ஒரு பருக்கைகூட இல்லை. கறிவேப்பிலை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இடது ஓரத்தில் ஒதுக்கியிருந்தது. சபேசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவங்க கறிவேப்பிலை சாப்பிட மாட்டாங்களா?”

அவன் முகம் கோதை இதுவரை பார்த்திராத அளவுக்கு மலர்ந்திருந்தது.

மறுநாள் ரசத்துக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து மெதுவாகக் கேட்டது அவன் குரல்.

“இன்னிக்குக் கறிவேப்பிலை வேண்டாம், கோதை.”

அவள், இருந்த கொத்துகளையெல்லாம் உருவி எண்ணெயில் போட்டாள். பிறகு, வெளிக்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.