சத்தம் எவ்வளவு?

“இதுல சத்தம் எவ்வளவு?” என்று கேட்டார் ஓட்வார். நான்காவது டயருக்கும் அதே கேள்வி.

கடைக்காரர் ஹெல்கே டயரைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

“ஏண்டா, நீ டயர் வாங்க வந்தியா, மெத்தை வாங்க வந்தியா?”

ஓட்வாருக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை, மணி ஒன்றேகால். இரண்டு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். ஈஸ்டர் முடிந்து வரும் ஞாயிறு நாளை. அதற்குப் பிறகு ஆணி பதித்த குளிர்கால டயரோடு சாலையில் போனால் அபராதம். அவருடைய கோடைக்கால டயர்களோ மொட்டையாகிவிட்டன.

“ஊர்ல இன்னும் ஆணியோட சுத்துறவன் நீ ஒருத்தன்தான்” என்றார் ஹெல்கே. “நீ சர்ச் வளைவு திரும்பும்போதே மொறுமொறுன்னு கேட்டுச்சு. ஓட்வார் வர்றான்னு பன் டப்பாவை ஒளிச்சு வெச்சுட்டேன்.”

“எனக்கு வருஷம் பூரா ஒரே டயர் வேணும், ஹெல்கே. மாத்தி மாத்திப் போடறதெல்லாம் இனிமே வேண்டாம்.”

“அதைத்தான் தப்புங்கறேன். பேர்கன் பக்கம், கடலோரத்துல இருக்கறவனுக்கு அது சரி. நமக்கு ஜனவரியில மைனஸ் இருபத்தஞ்சு. உன்னோடது பேட்டரி வண்டி, கனம் வேற. பனியில வழுக்க ஆரம்பிச்சா பள்ளத்துலதான் போய் நிக்கும். கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோ. நானே வந்து மாத்தித் தர்றேன்.”

“ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மாறினா அவளுக்குப் பிடிபட மாட்டேங்குதுடா.”

“எவளுக்கு? பிடிமானம் எப்படின்னு கேக்கல. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு கேக்கல. வந்ததுலேருந்து சத்தம், சத்தம், சத்தம்...” என்று அடுக்கிக்கொண்டே போன ஹெல்கே சட்டென்று நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யோருனுக்காகவா?”

ஓட்வார் தலையசைத்தார்.

அவர் மனைவி யோருனுக்கு மூன்று வருடங்களாக ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. போன மே மாதம் ஒருநாள் அவள் திடீரென்று மிரண்டு, வெறும் காலுறையோடு பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள். ஊரே தேடியது. இரண்டு மணி நேரம் கழித்து ஆற்றங்கரைப் புதருக்குள் அவளைக் கண்டுபிடித்ததே ஹெல்கேதான்.

“நேத்து நகராட்சியிலேருந்து நர்ஸ் வந்திருந்தாங்க” என்றார் ஓட்வார். “இன்னொரு தடவை இப்படி ஓடினா பராமரிப்பு இல்லத்துல சேர்க்கறதைத் தவிர வழியில்லன்னு சொல்லிட்டாங்க. நாற்பத்தாறு வருஷம்டா. அவ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?”

ஹெல்கே கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் குளிர்காலம் பூரா நல்லாத்தான் இருந்தா. ஒரு நாள்கூட மிரளல. ஈஸ்டர் தாண்டினாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

இதற்குமேல் ஹெல்கே கிண்டல் செய்யவில்லை. ஓட்வாரின் கை முதலில் பார்த்த டயரின் மேலேயே இருந்தது. ஒட்டுத்தாளில் எழுபத்திரண்டு டெசிபல் என்று போட்டிருந்தது.

“அதை விடு, ரொம்ப இரையும்” என்று அவர் கையை எடுத்துவிட்டு, ஹெல்கே பின்பக்கக் கிடங்குக்குள் போனார். சாமான்களை நகர்த்தும் ஓசை கேட்டது. ஐந்தாவது டயரை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஒரு டாக்டருக்காக வரவழைச்சது. பரவாயில்ல, அவர் அடுத்த வாரம் வாங்கிக்கட்டும். அறுபத்தெட்டுதான். சத்தத்தை அமுக்க உள்ளே பஞ்சு ஒட்டியிருக்கு, தொட்டுப் பாரு. பேட்டரி வண்டிக்குன்னே செஞ்சது, பனிக்கும் ஓரளவு தாங்கும். உன் வண்டிக்கு எஞ்சின் சத்தமும் கிடையாது. நீ வாசல்ல வந்து நின்னாக்கூட உள்ளே இருக்கற யோருனுக்குத் தெரியாதுடா.”

ஓட்வார் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அதுதாண்டா போன மே மாசம் நடந்துச்சு.”

“எது?”

“ஆணி டயர்னா நான் வீட்டுக்கிட்ட வளைவு திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுடும். நான் கதவைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு கோப்பையில காப்பி ஊத்தி வெச்சிருப்பா. அன்னைக்கு டயரை மாத்திக்கிட்டு, சத்தமே இல்லாம போய் நின்னேன். எவனோ வீட்டுக்குள்ள புகுந்துட்டான்னு நினைச்சு ஓடிட்டா. அப்புறம் ஹாரன் அடிச்சும் பார்த்தேன், அதுக்கும் மிரண்டா.”

ஹெல்கே கையிலிருந்த டயரை விட்டார். அது தானாக உருண்டுபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஓட்வார் எழுந்துபோய் மறுபடியும் முதல் டயரின் மேல் கை வைத்தார்.

“சொல்லுடா, இதைவிட அதிகமா சத்தம் போடறது ஏதாவது இருக்கா?”