மேற்கிலிருந்து ஏழாவது

கழுவிய கோப்பையைக் கவிழ்க்க மறந்து நின்றாள்.

ஜன்னலுக்கு எதிரே இருந்த குன்று கோடு கோடாக மாறியிருந்தது.

எட்டு மாதமாக இதே ஜன்னல். இதே குன்று. வெறும் புல், கல்சுவர், முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள். நேற்றிரவு உறைபனி விழுந்திருந்தது. டிசம்பர் சூரியன் மேலே ஏற மனமில்லாமல் குன்றின் ஓரத்திலேயே கிடந்தது. பள்ளமெல்லாம் வெள்ளை. மேடெல்லாம் பச்சை.

பாத்திகள்.

உச்சிவரை பாத்திகள்.

"குழாய்த் தண்ணீர் இந்நேரம் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார் பின்னாலிருந்து ஜார்லத்.

அவள் குழாயை மூடினாள்.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. தனி ஆள். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், மேயோ மாவட்டத்தில், பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாத ஒரு வீடு. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கஞ்சி, மாத்திரை, சட்டைப் பொத்தான். போகும்போது மேசைமேல் இருக்கும் நோட்டில் அன்றைய விவரத்தை எழுத வேண்டும்.

அந்த நேரத்தில்தான் வானொலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர். ஊர். அடக்கம் எத்தனை மணிக்கு. ஜார்லத் வீட்டுக்குள்ளும் தொப்பியோடு இருப்பவர். தெரிந்த பெயர் வந்தால் கழற்றுவார். அடுத்த பெயர் வருவதற்குள் போட்டுக்கொள்வார்.

இன்று எந்தப் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. வானொலியை அணைத்தார்.

அவள் பையில் போன் அதிர்ந்தது. தம்பி தவசி. காலையிலிருந்து நான்காவது தடவை. துண்டித்தாள்.

"அங்கே யார் பயிர் வைத்தது?"

"ஆகா, பார்த்துவிட்டாயா?" அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. "அது என் பாட்டனுக்கும் பாட்டன் காலத்தில்..."

"கிழங்கை எடுக்கவே இல்லை" என்றாள்.

அவர் கதையை நிறுத்தினார்.

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கிழங்கு எடுத்த பாத்தி மேடாக நிற்காது. மண்வெட்டி கலைத்துவிடும். நிற்கிறது என்றால், உள்ளே இருந்ததை யாரும் தேடவில்லை. அவள் ஊரான மன்னவனூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடைக்கானல் மலையிலும் உருளைக்கிழங்குதான்.

"இலை கருகியிருக்கும். ஒரே வாரத்தில்."

"ஒரே வாரத்தில்" என்றார் அவரும். "பஞ்சம். செத்தவர்கள் போக மிச்சப்பேர் கப்பல் ஏறினார்கள். நிலம் எங்கள் ஆட்களுக்கு வந்தது. ஆடு மேய்க்கிறோம். அதில் மண்வெட்டி மட்டும் வைத்ததில்லை."

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"எத்தனை தடவக்கா கட் பண்ணுவ? ஜேசிபி வந்து நிக்குது. காட்ட வாங்குறவரு கார்லயே உக்காந்திருக்காரு. அம்மாவக் கேட்டா 'அவளக் கேளு'ங்குது. நீதான அப்பாவுக்குச் செல்லம். ஒரு சரி சொல்லித் தொலை."

பதினோரு வருஷம் ஆகிறது.

மூடுபனி விலகாத ஒரு வாரம். கிழங்குக் காடு முழுக்கக் கருகல். மண்ணுக்குள் கிழங்கு கூழாகும் வாடை வீட்டுக்குள்ளும் வந்து படுத்தது. அப்பா ஒரு பாத்தியைப் பாதி கொத்தினார். மண்வெட்டியை அதிலேயே நட்டார். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார்.

அதன் பிறகு அம்மா அந்தக் காட்டைத் தொடவிடவில்லை. அவர் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே.

"இருடா" என்றாள் தம்பியிடம். ஜார்லத்தைப் பார்த்தாள்.

"அவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா?"

அவர் குன்றைப் பார்த்தார்.

"பேரன்களின் பேரன்கள் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து. வெயிலடிக்கிற நாளில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு. எங்கள் பாத்தி எது என்று என்னைக் கேட்டார்கள்."

"சொன்னீர்களா?"

"எனக்கு எப்படித் தெரியும், பெண்ணே?"

குன்றின் அடியில் பனி இளகத் தொடங்கியிருந்தது. கீழ்ப் பாத்திகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் போயின.

"தவசி, அப்பா மண்வெட்டி கெடக்கா?"

"காம்பு மக்கிப்போச்சு. இரும்பு மட்டும் கெடக்கு."

"எத்தனாவது பாத்தியில?"

"இப்ப இது ரொம்ப முக்கியமாக்கும்?"

"எண்ணுடா. மேக்கருந்து."

அவன் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் ஒன்று என்று சொல்வதற்குள், தூரத்தில் அம்மாவின் குரல்.

"ஏழு."

அவள் நோட்டை இழுத்தாள். கஞ்சி முழுவதும் சாப்பிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரிக்குக் கீழே, தமிழில் எழுதினாள். மேற்கிலிருந்து ஏழாவது.

நாளை அவளுக்கு விடுப்பு. வேறு ஒருத்தி வந்து அந்தப் பக்கத்தைத் திருப்புவாள்.

"சரிடா" என்றாள். "போனை மட்டும் வைக்காத."

ஜார்லத்துக்கு அவள் பேசிய மொழி தெரியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்?"

"அப்பா. பாதிப் பாத்தியில் விட்டுப் போனவர்."

"பெயர்?"

"பொன்னுரங்கம்."

"ஊர்?"

"மன்னவனூர்."

இரண்டையும் அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி சொன்னார்.

போனுக்குள் இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு உறுமியது. சின்னச் சமையலறை முழுவதும் அந்தச் சத்தம்.

எதிரே வெறும் பச்சைக் குன்று.

ஜார்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் கிளம்பும்வரை அதைப் போட்டுக்கொள்ளவில்லை.