புல்லரிக்கும் இசை

ஜன்னலில்லாத எடிட்டிங் அறையில், பேய்ப்பட டிரெய்லருக்காகக் கடைச்சரக்கான திகில் இசைத் துண்டுகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே புத்தி: கடிகாரம் போல டிக் டிக், கொஞ்சம் மௌனம், பிறகு கதவை உடைப்பது போல ஒரு 'டம்'. எடிட்டர் கொட்டாவியை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. இசையைத் தேர்ந்தெடுக்க வந்திருப்பவர் தயாரிப்பாளரின் மச்சான். அவருக்குக் காது வேலை செய்வதில்லை, முன்கைதான் தீர்ப்புச் சொல்கிறது. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டுகிறார்.

"பாருங்க, எப்படிப் புல்லரிக்குது! இதையே வெச்சிடலாம்."

எடிட்டர் அவர் தலைக்கு நேர்மேலே உறுமும் ஏசியைப் பார்க்கிறார். ரிமோட்டை எடுத்து அணைக்கிறார். அறை புழுங்கத் தொடங்கியதும் அதே இசையை மறுபடி ஓடவிடுகிறார். மச்சான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒரு மயிர்கூட அசையவில்லை.

"இதுல உயிரே இல்லீங்க. முன்னாடி ஒண்ணு போட்டீங்களே, அதைப் போடுங்க."

எடிட்டர் ஏசியைப் போடுகிறார்.