சரிவுக்குக் குறுக்கே

"எல்லாத்தையும் புடுங்கிட்டு எறங்குங்க ரெண்டு பேரும்!" என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தார் சுரேந்திரன்.

மூட்டையின் மறுமுனையை ஹபீபா பிடிக்க, தூக்கிக்கொண்டிருந்த இசக்கி திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது வரப்புக்கு இன்னும் நாலு மூட்டை பாக்கி இருந்தது. மலைக்குப் பின்னால் வானம் கும்மென்று கறுத்துக் கிடந்தது.

பம்பாயில், செம்பூர் மலைச்சரிவில் அந்தக் கீரைத் தோட்டம் மொத்தமே முப்பதடி அகலம்தான். தண்டங்கீரை, புளிச்சக்கீரை, ஓரத்தில் ரெண்டு சால் வெண்டை. அதற்கு நேர் கீழே தகரக்கூரை ரூம்கள் வரிசையாகத் தொடங்கிவிடும்.

போன வருஷம் நடந்தது ஊர்ப் பழக்கத்தால் வந்த வினை.

ஊரில் தண்ணீரை வா வா என்று கெஞ்சி வயலுக்கு அழைத்து வரவேண்டும். வாய்க்காலை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இழுப்பார்கள். அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தாயிற்று. பம்பாய் மழைக்கு அழைப்பு வேறு வேண்டுமா? ஒரே மத்தியானத்தில் பாத்தி மண்ணையெல்லாம் வழித்துச் சுருட்டிக்கொண்டு கீழ் வரிசைக்குள் புகுந்துவிட்டது.

இந்த வருஷம் இசக்கி, சித்தாளாகப் போகிற கட்டடத்தில் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபைக் கேட்டு வாங்கி வந்தாள். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனை அவளுடைய குச்சியில், மறுமுனை ஹபீபாவின் குச்சியில். ரெண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே அளவில் நிற்கும்படி நகர்ந்து நகர்ந்து, சரிவுக்குக் குறுக்கே செங்கல் பொடியால் ஐந்து கோடு போட்டார்கள். கோட்டை ஒட்டி, டீயில் போடுகிற எலுமிச்சைப் புல்லை ஏப்ரலிலேயே நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே வேர் பிடிக்க வைத்தார்கள். இப்போது கோட்டின்மேல் உடைகல் நிரப்பிய அரிசிச் சாக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

சுரேந்திரன் அந்தக் குடியிருப்புக் கமிட்டித் தலைவர். கையில் மண்வெட்டி, பின்னால் ஏழெட்டுப் பேர்.

"ஒனக்கு என்ன இவ்வளவு வீம்பு இசக்கி? போன வருசம் கீழ் ரூம்ல முட்டளவு சேறு நின்னுச்சே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்ப எடு. சரிவு முழுக்க சிமெண்டு பூசப் போறோம்."

"எப்ப?"

"மழ விட்டதும்."

"அதுவரைக்கும் வெறும் மண்ணு ஒங்க ஆர்டருக்குக் கட்டுப்பட்டு அப்படியே நிக்குமோ, அண்ணாச்சி?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அரே, இசக்கியக்கா இன்ஜினியர் ஆயிட்டா பாய்!"

சுரேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கீழ் வரிசைக்காகத்தான் சொல்லுதேன்."

"கீழ் வரிசை வந்து ஒங்கள கேட்டுச்சா?"

ஹபீபா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "விட்டுரலாங்க்கா. ஊர்ப்பகை வேண்டாம்."

"சாக்கப் பிடி" என்றாள் இசக்கி.

கடைசி மூட்டையை வைத்து மிதிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. தூறல், சாரல் என்கிற மரியாதையெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில் கொட்டல். கமிட்டி ஓடிப்போய்த் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டியது.

முதல் வரப்பில் தண்ணீர் செங்குழம்பாக வந்து முட்டியது. ஏறியது. வரப்பு ஒரு விரல்கடை சாய்ந்திருந்தாலும் தாழ்ந்த மூலையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். மட்டமான வரப்பில் அதற்கு மூலையே அகப்படவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பரந்து நின்றது. சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கி வைத்தது. பிறகுதான் புல்லின் இடுக்கு வழியாக அடுத்த வரப்புக்குக் கசிந்தது.

மூன்றாவது வரப்பில் ஒரு சாக்கு பிதுங்கி உருண்டது.

இசக்கி போய் அந்த இடைவெளியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டாள். தண்ணீர் அவள் தோளைத் தள்ளியது. அவள் திருப்பித் தள்ளினாள்.

"மண்வெட்டிய என்ன வேடிக்க காட்டவா கொண்டாந்தீய?" என்று தார்ப்பாயைப் பார்த்துக் கத்தினாள். "ஏறி வந்து இங்கன மண்ண அள்ளிப் போடுங்க!"

சுரேந்திரன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

மழை ஒன்றேகால் மணி நேரம் பெய்தது.

விட்டபோது, ஐந்தாவது வரப்பைத் தாண்டிச் சந்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரில் கையை விட்டால் விரல் தெரிந்தது. சுரேந்திரன் விட்டுப் பார்த்தார். அதே தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவினார்.

ஹபீபா, தன் கீரையில் எத்தனை சாய்ந்திருக்கிறது என்று பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். விதை வாங்கியதிலிருந்து விற்பதுவரை எல்லாம் அவள் பாடு. இசக்கி அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி கீரைகூட விதைத்தவளில்லை.

இசக்கி சரிவில் இறங்கினாள். கீழ் வரிசையின் முதல் ரூம் வாசலில் நின்று, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

சுவரில் முட்டளவுக்குப் பழைய சேற்றுக் கறை. தரை காய்ந்திருந்தது.

காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனாள்.