நாலாவது பழம்

"ஏங்க, வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி எறங்கி ஒரு சுத்துப் பாத்திருங்க."

டிராக்டர் சீட்டில் இருந்த அழகுபாண்டி, மனைவி தாமரைச்செல்வி சொன்னது காதில் விழாதவன் போலச் சாவியைத் திருகினான். பின்னால் கலப்பை பூட்டி, மாலை போட்ட வண்டி உறுமியது. ஆயுத பூஜை முடிந்து, நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்கிக்கொண்டு வயலுக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"முகேஷு உள்ளதான தூங்குறான்?" என்றான்.

"தூங்குறான்தான். இருந்தாலும் மூணு வயசுப் புள்ள இருக்குற வீடு. ஓட்டுறவுகதான் எறங்கிப் பாக்கணும். தெனமும் நான் வந்து நிப்பனா?"

"மாப்ள, தங்கச்சி சொல்லுதுல்ல, எறங்கு," என்று பொரிகடலையை மென்றபடி சிரித்தான் பக்கத்து வயல்காரன் மொக்கைச்சாமி. "அப்படியே லைசென்ஸயும் தங்கச்சிகிட்ட காட்டிட்டு ஏறு."

அழகுபாண்டிக்கு முகம் சுருங்கியது. "பன்னண்டு வருசமா ஓட்டுறேன். நல்ல நேரம் முடியப் போகுது. தள்ளி நில்லு புள்ள."

"பழம் உருண்டிருச்சு," என்று தாமரைச்செல்வி முன்டயர் பக்கம் குனிந்து எதையோ சரிசெய்தாள். பிறகு, "சந்தனக் கிண்ணத்த எங்க வச்சேன்?" என்று முணுமுணுத்தபடி ஒதுங்கி நின்றாள்.

கியரைப் போட்ட அழகுபாண்டி, வழக்கம்போல இரண்டு பக்கமும் எட்டிப் பழங்களை மட்டும் பார்த்தான். வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் பின்டயருக்கு ஒன்று. முன்டயருக்கு முன்னால் வெறும் மண்.

மூன்று பழத்தோடு வண்டியை எடுத்தால் அந்த வருசம் விளங்குமா? எரிச்சலோடு எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான்.

"பழத்த யாருய்யா எடுத்தது?"

"பின்னால உருண்டிருக்கும் மாப்ள, பாரு."

பின்டயரைச் சுற்றி வந்து குனிந்தான்.

டயருக்கும் கலப்பைக்கும் நடுவில், ஒரு முழ இடத்தில், முகேஷ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கலப்பையின் இரும்புக் கொழு அவன் முதுகை உரசிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் எஞ்சின் உறுமல் அவனை அசைக்கவே இல்லை. மடியில் சந்தனக் கிண்ணம்.

"அப்பா, டயருக்குப் பொட்டு," என்றான் பெருமையாக.

அழகுபாண்டி அவனை வாரி எடுத்தான். பிள்ளையோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மொக்கைச்சாமி கையிலிருந்த பொரி சிதறியது.

"கிளட்ச்ச விட்டிருந்தா..." என்று அவன் கலப்பையைப் பார்த்தான்.

"எஞ்சாமி, நீ அந்தப் பழத்த எடுக்கப் போயித்தான்டா பொழச்ச," என்று அழகுபாண்டி பிள்ளையின் கைகளை விரித்துப் பார்த்தான்.

இரண்டு கையிலும் சந்தனம் மட்டுமே இருந்தது.

வெளிறிப்போய் நின்ற தாமரைச்செல்வி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாலாவது எலுமிச்சம்பழம் மண்ணில் விழுந்து உருண்டது.

"எஞ்சொல்லுக்கு எறங்க மாட்டீக, பழத்துக்குன்னா எறங்குவீகன்னுதான்... அவன் உள்ள தூங்குறான்னுதாங்க நானும் நெனச்சேன்."