அப்பளக் காப்பு

பக்கவாதம் வந்து தேறிய பிறகும் பூமிநாதனின் வலக்கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் தேய்த்த அப்பளம் எதுவும் வட்டமாக வரவில்லை. பார்வையும் மங்கியிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. அப்பளம் வாங்கும் கம்பெனி அவருக்கும் மனைவி தெய்வானைக்கும் ஆளுக்கொரு காப்பு மாட்டியிருந்தது. யார் எத்தனை நல்ல அப்பளம் தேய்த்தார்கள் என்று அது எண்ணும். குறைந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அவர் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று தெய்வானைக்குத் தெரியும். அதனால் மதியம் அவர் தூங்கியதும், தன் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவருடையதை மாட்டிக்கொண்டு தேய்ப்பாள்.

சாயங்காலம் இரண்டு காப்புகளும் சொல்லும் எண்ணிக்கையைக் கேட்டு அவர் சிரிப்பார். “என்ன தெய்வான, நடுங்குற கைகிட்டயே தோத்துட்ட?”

“ஒங்க கைராசி அப்படி,” என்பாள்.

பங்குனியில் ஒரு காலை அவளுடைய காப்பு தானாகக் கழன்று விழுந்தது. “தெய்வானை, உங்களுக்கு இனி வேலை இல்லை,” என்றது.

பூமிநாதன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை.

“விடு புள்ள. நான் இருக்கேன்ல? ஒம் பங்கையும் சேத்துத் தேச்சுர்றேன். இனி மத்தியானம் படுக்கவே மாட்டேன்.”

தெய்வானை மாவை உருட்டி அவர் பலகையில் வைத்தாள். அவர் உற்சாகமாகத் தேய்க்கத் தொடங்கினார்.