சிங்கத்தின் வாய்

"மாமா, இது கடிக்குங்களா?" என்று அம்மா தெய்வானையைத் தேடி மில்லுக்குள் வந்த நான்கு வயது மகள், பஞ்சு மெஷினைக் காட்டிக் கேட்டாள். "நான் கட்டிப் போட்டிருக்கேன் கண்ணு, கடிக்காது" என்று ஃபிட்டர் லூர்துசாமி சிரித்தார். அடுத்த மாதமே, சேலைக்கு மேல் போடும் மில் கோட்டு துவைத்துக் காயவில்லையென்று வெறும் சேலையோடு வேலைக்கு நின்ற தெய்வானையின் முந்தானையை அந்தப் பஞ்சு மெஷின் இழுத்தது. சக்கரங்களுக்குள் கையைவிட்டு அவளை மீட்ட லூர்துசாமிக்கு மூன்று விரல்கள் போயின. சாகும்வரை அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

வருடக்கணக்கில் மூடிக் கிடந்த மில் பூங்காவாகத் திறந்த அன்று, தெய்வானை புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். புல்தரை நடுவே அதே மெஷின் நின்றது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, கண் வரைந்து, பல்சக்கரங்கள் இருந்த இடத்தைச் சிங்கத்தின் வாயாக்கியிருந்தார்கள். குழந்தைகள் வரிசையில் நின்று அதற்குள் கைவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. விரல் நுனியில் ரத்தம்.

"தம்பி, அந்த வாயை மூடச் சொல்லுங்க" என்று வாட்ச்மேனிடம் ஓடினாள்.

"ஓடாத மெஷின் என்னக்கா பண்ணிப்போடும்? ஆபீசருக பாத்துத்தான் வச்சிருக்காங்க."

மாலையில் மணியடித்து எல்லோரும் வாசலுக்குப் போனபோது அவள் மட்டும் பின்தங்கினாள். முந்தானையைக் கடித்துக் கிழித்துச் சுருட்டி, பிஞ்சுச் சுண்டுவிரல்கூட நுழையாதபடி சக்கரங்களுக்கிடையே திணித்து அடைத்தாள்.

"கட்டிப் போட்டுட்டேனுங்க லூர்துசாமிண்ணா" என்றாள். மீதிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.